ஒரு வீட்டுக்கு ஒரே பின்

மேடம், உங்கள் மேசைமேல் மூன்று கேபிள்கள் கிடக்கின்றன. ஒன்று சி டைப். ஒன்று பழைய பின். இன்னொன்று அந்தக் காலத்து ஐபோன் பின். ஒரே ஸ்டேஷனில் மூன்று பின் வைத்திருப்பது நல்ல பழக்கமில்லை. அவசரத்துக்குக் கையை விட்டால் வேண்டாததுதான் முதலில் வரும். நீங்கள் என்னிடம் கேட்டது இதை அல்ல என்று தெரியும். "ஏன்யா இப்படிப் பண்ண?" என்று கேட்டீர்கள். பதில் அந்த மேசையில் தொடங்குவதால் நானும் அங்கிருந்தே தொடங்குகிறேன்.

நானே எழுதித் தருகிறேன் என்றதும் மறுபேச்சில்லாமல் தாளும் பேனாவும் கொடுத்தீர்கள். அதற்கு நன்றி. வாயால் சொன்னால் உங்கள் ரைட்டர் அம்மா "மனைவியைக் கொடுமைப்படுத்தியதாக" என்று ஆரம்பித்து இரண்டே வரியில் முடித்துவிடுவார். நான் யார்மேலும் கை நீட்டியவனில்லை. வீட்டில் குரல் உயர்த்திப் பேசியதுகூட இல்லை. வெளியே பெஞ்சில் உட்கார்ந்திருக்கும் என் மனைவி இசைவாணியையே கேட்டுப் பாருங்கள், அதை அவள் மறுக்க மாட்டாள்.

என் பெயர் அறிவுச்செல்வன். வயது முப்பத்தைந்து. கள்ளக்குறிச்சி பஸ் ஸ்டாண்டுக்கு எதிர்ச் சந்தில் செல்போன் கவர், டெம்பர் கிளாஸ், சார்ஜர், கேபிள் விற்கிறேன். அப்பா மூங்கில்துறைப்பட்டு சர்க்கரை ஆலையில் கரும்பு எடை போடும் இடத்தில் வேலை பார்த்தவர். டிராக்டரில் வந்தாலும் மாட்டு வண்டியில் வந்தாலும் எல்லாக் கரும்பும் ஒரே எடைமேடையில்தான் ஏற வேண்டும். "ரெண்டு மேட வெச்சா தெனம் சண்டதான்டா" என்பார். கேபிள் தொழிலுக்கு வந்தபோது எனக்கு அதுதான் ஞாபகம் வந்தது. சுவர் முழுக்க ஆணி அடித்து நானூறு கேபிள் தொங்கவிட்டிருக்கிறேன். வருகிறவர்களுக்குத் தங்கள் ஃபோனின் பெயர் தெரியும், விலை தெரியும், பின்பக்கம் எத்தனை கேமரா என்பதும் தெரியும். "இன்னா பின்னு?" என்று கேட்டால் மட்டும் திருதிருவென்று விழிப்பார்கள்.

பழைய பின்னுக்கு மேல் பக்கம், கீழ்ப் பக்கம் உண்டு. கடைக்காரர்கள் அதை வி8 என்போம். தலைகீழாகச் செருகி அழுத்தினால் ஃபோனுக்குள் இருக்கும் மெல்லிய நாக்கு ஒடிந்துவிடும். அப்படி ஒடிந்து வந்த ஃபோன்களால் இந்த ஊரில் பத்துக் குடும்பமாவது பிழைத்தது. சி டைப்புக்கு அந்தத் தொல்லை இல்லை, எப்படிச் செருகினாலும் ஏறும். ஐரோப்பாக்காரர்கள் இனி எல்லா ஃபோனுக்கும் இதுதான் என்று சட்டமே போட்டுவிட்டார்கள். அங்கே இருக்கும் புத்தி நம் ஆட்களுக்கு வர இன்னும் நாளாகும்.

எதிரில் டீக்கடை வைத்திருக்கும் வீரமுத்து அண்ணனுக்கு இதில் ஒப்புதல் கிடையாது. அவர் வயர்லெஸ் கட்சி. காலையில் நான் ஷட்டரைத் தூக்கும்போதே ஆரம்பித்துவிடுவார்.

"இன்னாத்துக்குப் பின்னு பின்னுன்னு அடிச்சிக்கினு கெடக்கற? நாளைக்கு ஒரு தட்டு மேல ஃபோன வெச்சா தானா ஏறிடப் போவுது. அப்ப எங்கிட்ட கிளாஸ் கய்வ வந்துடு."

"அந்தத் தட்டுக்குக் கரண்டு எங்கேர்ந்துண்ணா வருது? அதுக்குப் பின்னாடியும் ஒயருதான். சூடு ஜாஸ்தி, ஏர்றது கம்மி."

மூன்று வருடமாக இதே வாக்குவாதம். அவரும் தோற்றதில்லை, நானும் தோற்றதில்லை. ஒரு கொள்கையை இப்படி விடாமல் பிடித்துக்கொண்டிருக்கும் ஆளுக்கு இந்தக் காலத்தில் கிடைக்கும் மரியாதை, இந்த ஸ்டேஷனில் போட்டிருக்கும் கால் உடைந்த ஸ்டூல்தான்.

இசைவாணியை எனக்குத் தெரிய வைத்ததும் ஒரு கேபிள்தான். நான்கு வருடம் முன்பு, காலேஜில் சர்ட்டிபிகேட் வாங்குவதற்காக வெள்ளிமலை பஸ்ஸில் இறங்கி வந்தவள் என் கடையில் நின்று சார்ஜர் ஒயர் கேட்டாள். "இன்னா பின்னு?" என்றேன். அவள் விழிக்கவில்லை. "எனக்கு இன்னா தெரியும்? ஏர்ற பின்னா பாத்துக் குடுங்க" என்று சொல்லிச் சிரித்தாள். கறுப்பு வி8 ஒன்று கொடுத்தேன். இரண்டு வாரம் கழித்து, அது ஏறவில்லை என்று மறுபடி வந்தாள். சோதித்துப் பார்த்தேன், நன்றாகவே ஏறியது. இருவரும் அதைப் பற்றி மேற்கொண்டு பேசவில்லை. அந்த வருடக் கடைசியில் கல்யாணம் நடந்தது.

அவளுக்கு அப்பா இல்லை. அம்மா இருசம்மாள், வெள்ளிமலைக்கு அப்பால் ஒரு சின்ன ஊரில் சாமையும் மரவள்ளியும் போட்டுத் தனி ஆளாக இவளைப் படிக்க வைத்தவர். கல்யாணத்தில் என் கையைப் பிடித்துக்கொண்டு அவர் கேட்டது ஒன்றே ஒன்றுதான். "ஃபோனு போட்டா மட்டும் எடுக்கச் சொல்லுங்க மாப்ள." சரி என்றேன். அந்த வாக்கை நான் மீறவே இல்லை என்பதை நீங்கள் கவனிக்க வேண்டும். அவளை எடுக்க வேண்டாம் என்று நான் ஒருநாளும் சொன்னதில்லை.

அவர்கள் ஊரில் டவர் எடுக்காது. ஊருக்கு மேலே ஒரு பாறை இருக்கிறது, அதில் ஏறி நின்றால் இரண்டு கோடு வரும். தினமும் சாயங்காலம் ஐந்தரைக்கு அத்தை பட்டன் ஃபோனை எடுத்துக்கொண்டு பாறைக்குப் போய் மிஸ்டு கால் விடுவார். பேசினால் காசு போய்விடும் என்று பயம். எல்லாக் காலும் இலவசம் என்று கம்பெனிக்காரர்கள் எவ்வளவு கத்தினாலும் அவர் நம்பவில்லை. இரண்டு மிஸ்டு கால் என்றால் நன்றாக இருக்கிறேன். ஐந்து என்றால் உடம்பு முடியவில்லை, கிளம்பி வா. மூன்றுக்கும் நான்குக்கும் அர்த்தம் கிடையாது. மலையில் வீட்டுக்கு வீடு இப்படி ஒரு ஏற்பாடு உண்டு.

இரண்டு வந்ததும் இசைவாணி திருப்பிக் கூப்பிடுவாள். பிறகு அரை மணி நேரம் பேச்சு. ஐந்தரைக்குத்தான் நான் டீ குடிக்கக் கடையிலிருந்து வீட்டுக்கு வருவேன். என்னைப் பார்த்ததும் 'இருங்க' என்று கை காட்டுவாள். அம்மாவிடம் பேசும்போது அவள் வயிற்றைப் பிடித்துக்கொண்டு சிரிப்பாள் மேடம். கண்ணில் தண்ணீர் வரும் அளவுக்குச் சிரிப்பாள். என்ன என்று கேட்டால், "அதெல்லாம் எங்கூரு கத, உங்குளுக்குப் புரியாது" என்பாள். கடையில் ஏறுகிற பின்னாகக் கேட்டபோது என்னைப் பார்த்துச் சிரித்தாளே, அப்படி ஒரு சிரிப்பு அதற்குப் பிறகு என் பங்குக்கு வரவில்லை. அவள் இருக்கச் சொன்னாள், நானும் மூன்று வருடம் இருந்தேன்.

போன வருடம் வீட்டுக்கு ஒரு விதி கொண்டுவந்தேன். ஒரு வீட்டுக்கு ஒரே பின். என் ஃபோன், பவர் பேங்க், டார்ச் லைட், முகச்சவரம் செய்யும் டிரிம்மர், எல்லாம் சி டைப் ஆயின. வீட்டில் மூலைக்கு மூலை கிடந்த பழைய ஒயர்களை எடுத்து நறுக்கிப் பழைய இரும்புக்காரனிடம் போட்டேன். இசைவாணியின் ஃபோன் மட்டும் வழிக்கு வரவில்லை. மரவள்ளி விற்ற காசில் அத்தை வாங்கிக் கொடுத்தது. "அம்மா வாங்கிக் குடுத்தது, ஒடையற வரைக்கும் இதான்" என்றாள். சரி, அவளுக்காக ஒரே ஒரு வி8 கேபிளை விட்டு வைத்தேன். நான் விற்ற அதே கறுப்புக் கேபிள். சி டைப் கேபிளின் நுனியில் மாட்டுகிற குட்டி கன்வெர்ட்டர் என்று ஒன்று உண்டு, அதை மாட்டினால் பழைய ஃபோனும் ஏறும். கடையில் ஒரு டப்பா நிறைய வைத்திருக்கிறேன். ஆனால் அது சமரசம். சமரசத்தை வியாபாரத்துக்கு வைத்துக்கொள்வேன், வீட்டுக்குள் விடமாட்டேன்.

வீட்டோடு நிற்கவில்லை. கச்சிராயபாளையம் சாலையில் எங்கள் தெருவில் பதினோரு வீடு. எல்லாரும் புது ஃபோனுக்கு மாறிவிட்டிருந்தார்கள், பழைய ஒயர் மட்டும் அலமாரியில் சும்மா கிடந்தது. பழைய ஒயரைக் கொடுத்தால் புது சி டைப் ஒயர் இலவசம் என்று வீடு வீடாகப் போனேன். ஒரு ஞாயிற்றுக்கிழமைக்குள் தெருவில் ஒரு வி8 மிச்சமில்லை. பக்கத்து வீட்டு மலர்விழி அக்கா இசைவாணியிடம், "உன் வூட்டுக்காரரு மாதிரி ஆருடி செய்வாங்க?" என்று உருகிப்போனார். நானும் அதையே சொல்கிறேன்.

இந்த ஆடி மாதம் ஒரு காலையில் இசைவாணி வாந்தி எடுத்தாள். நான் பார்த்துவிட்டதால் வேறு வழியில்லாமல் சொன்னாள். "அம்மாகிட்ட மொதல்ல நாந்தான் சொல்லணும்னு இருந்தேன். சாயங்காலம் சொல்லிடறேன். அதுவரைக்கும் ஆருகிட்டயும் வாய் தொறக்காதீங்க." பிள்ளைக்கு நான் அப்பா. அந்தச் செய்தி என்னிடம் வந்து சேர்ந்தது வாந்தியின் தயவில். எனக்கு வலித்தது, அதை மறைக்க விரும்பவில்லை. ஆனாலும் கோபப்படவில்லை. சிரித்துக்கொண்டே கடைக்குக் கிளம்பினேன். அன்றைக்குத்தான் அந்தக் கடைசி வி8 கேபிள் வீட்டில் காணாமல் போனது.

ஃபோனில் சார்ஜ் இரண்டு சதவீதம் இருந்ததாம். ஐந்தரைக்கு முன்பே அணைந்துவிட்டது. மறுநாள் காலை வாசல்வரை பின்னாலேயே வந்தாள்.

"ஏங்க, கடையில அந்த ஒயரு இருக்கும்ல? ஒண்ணு எடுத்துக்கினு வாங்களேன்."

"அதெல்லாம் இப்ப ஆரு போடறா? ஸ்டாக்கு இல்ல. வேற கொண்டாரேன்."

வேறொன்று கொண்டுபோனேன். வயர்லெஸ் தட்டு. வீரமுத்து அண்ணனின் கட்சிக்கு ஒரு வாய்ப்புக் கொடுத்துப் பார்ப்போமே என்றுதான். பிளக்கில் சொருகியதும் தட்டின் ஓரத்தில் நீல விளக்கு எரியும். ஃபோன் வைத்தாலும் எரியும், வைக்காவிட்டாலும் எரியும். அந்த மாதிரிப் பழைய ஃபோனுக்குள் தட்டிலிருந்து கரண்டை இழுக்கும் சுருள் கிடையாது. அம்மிக்கல்லை வைத்தாலும் அதே அளவுதான் ஏறும். இசைவாணி நீல விளக்கைப் பார்த்துச் சந்தோஷப்பட்டாள். "பழைய ஃபோனு, மெதுவாத்தான் ஏறும். தொடாம உட்டுடு" என்றேன். நான்கு நாள் தொடாமல் விட்டாள். துடைப்பம்கூட அந்தப் பக்கம் போகவில்லை. ஐந்தரை மணிக்கு அதன் எதிரில் போய் உட்கார்ந்துகொள்வாள். விளக்கு விஷயத்தில் நான் பொய் சொன்னேனா? இல்லை. எரிந்துகொண்டுதான் இருந்தது.

ஐந்தாம் நாள், உள்ளே போர்டு போயிருக்கும், பார்க்கிறேன் என்று ஃபோனைக் கடைக்கு எடுத்துப்போனேன். சிம்மைக் கழற்றிக் கடையில் சும்மா கிடந்த ஒரு ஃபோனில் போட்டேன். சி டைப் ஃபோன். "அம்மா மிஸ்டு கால் உட்டா நான் வந்து சொல்லிடறேன், நீ கவலப்படாத" என்றேன். ஒரு தடவை பேசிவிடுகிறேன் என்று கேட்டாள். தீபாவளிக்குப் புது ஃபோன் வாங்கித் தருகிறேன், அதில் ஆசை தீரப் பேசு என்றேன். பக்கத்து வீட்டு ஃபோனில் பேசலாம்தான், ஆனால் அம்மாவின் நம்பர் அவளுக்கு மனப்பாடம் இல்லை. இந்தக் காலத்தில் யாருக்கு யார் நம்பர் தெரிகிறது?

அந்த விசேஷத்தை அம்மாவிடம் சொன்னீர்களா என்று கேட்டாள். சொல்லிவிட்டேன் என்றேன். "இன்னா சொன்னாங்க? அவங்க சொன்ன மாதிரியே சொல்லுங்க" என்றாள். ரொம்ப சந்தோஷம், ஜாக்கிரதையாக இருக்கச் சொன்னார்கள் என்றேன். "அவ்ளோதானா?" என்றாள். அவ்வளவுதான் என்றேன். நேரில் போய்ப் பார்த்துவிட்டு வரட்டுமா என்றும் ஒருநாள் கேட்டாள். வெள்ளிமலை பஸ் எங்கள் வாசல் வழியாகத்தான் போகிறது. மலை வளைவு வயிற்றுப் பிள்ளைக்கு ஆகாது, டாக்டர் சொன்னார் என்றேன். டாக்டர் அப்படிச் சொல்லவில்லை. கேட்டிருந்தால் சொல்லியிருக்கக்கூடும்.

ஐந்தரைக்குக் கடை ஃபோன் இரண்டு தடவை அடித்து நிற்கும். நானும் இரண்டு திருப்பி விடுவேன். வாணி ஃபோனில் பேச்சு கேட்காது, சரியாகும்வரை மிஸ்டு கால் மட்டும்தான் என்று முதல் நாளே அத்தையைக் கூப்பிட்டுச் சொல்லி வைத்திருந்தேன். மகளும் நன்றாக இருக்கிறாள் என்று அத்தை பாறையை விட்டு இறங்குவார். பிறகு நான் வீட்டுக்குப் போவேன். இசைவாணி கேட்டுக்கு வெளியே வந்து நின்றுகொண்டிருப்பாள். "எத்தன வந்திச்சி?" என்பாள். "ரெண்டு" என்பேன். முகம் மலர்ந்துவிடும். டீ சூடாக இருக்கும். மேடம், கல்யாணமாகி முதல் முறையாக என் மனைவி எனக்காக வாசலில் காத்திருந்தாள். அவளுக்கும் அவள் அம்மாவுக்கும் நடுவில் நான்தான் ஒயர். அந்த மூன்று மாதம் போல நான் சந்தோஷமாக இருந்ததில்லை, அவளும் சந்தோஷமாகத்தான் இருந்தாள்.

ஐப்பசி மழையில் ஒரு செவ்வாய்க்கிழமை ஐந்து வந்தது.

வீரமுத்து அண்ணன் டீ கொண்டுவந்து வைத்துக்கொண்டிருந்தார். "ஆரோ உட்டு உட்டு அடிச்சிக்கினே இருக்காங்க பாரு, எடேன்" என்றார். எண்ணினேன். ஐந்துதான். எண்ணியதில் தவறில்லை. பழக்கப்படி இரண்டு திருப்பி விட்டேன். வீட்டுக்குப் போனதும் "எத்தன?" என்றாள். "ரெண்டு" என்றேன்.

கர்ப்பிணிப் பெண். அடைமழை. எழுபது வளைவு. ஐந்து என்று சொன்னால் அந்த நிமிடமே செருப்பு மாட்டுவாள். எந்தப் பொறுப்புள்ள கணவன் சொல்வான்? புதன்கிழமை மறுபடி ஐந்து வந்தது. அன்றைக்கு அத்தையால் பாறை ஏற முடியவில்லை, பகலவன் என்கிற ஊர் ஜீப்காரர் ஃபோனை வாங்கிக்கொண்டு பாறையில் ஏறி அந்த ஐந்தையும் விட்டாராம். இது எனக்குப் பிறகுதான் தெரியும். நான் வழக்கம்போல இரண்டு திருப்பினேன், இரண்டு சொன்னேன்.

வியாழன் மத்தியானம் புது நம்பர் ஒன்றிலிருந்து கால் வந்தது. அது அந்தப் பகலவன்.

"இசைவாணிங்களா? இல்ல, அவங்க வூட்டுக்காரருங்களா? அம்மாவுக்கு ரொம்ப முடியலைங்க. கள்ளக்குறிச்சி பெரிய ஆஸ்பத்திரிக்குத் தூக்கியாந்துட்டோம். பாப்பாவ ஒடனே வரச் சொல்லுங்க."

"ராங் நம்பர்ங்க" என்றேன்.

மூன்று தடவை போட்டார். மூன்று தடவையும் மரியாதையாகவே சொன்னேன். என் கடையை அவர் பார்த்ததில்லை, வீடும் தெரியாது. அத்தையைத் தனியே விட்டுவிட்டு ஊரெல்லாம் தேட அவரால் முடியவில்லை. கேபிள் கடைக்காரனைக் கட்டிக்கொண்ட பிறகு பெண்ணுக்கு மலை வேண்டாமென்று போய்விட்டது என்று அவரே ஒரு முடிவுக்கு வந்துவிட்டார். அதற்கு நான் பொறுப்பல்ல.

என்னைக் கல்நெஞ்சன் என்று நினைக்க வேண்டாம். அன்று சாயங்காலமே ஆரஞ்சுப் பழம் வாங்கிக்கொண்டு ஆஸ்பத்திரிக்குப் போனேன். என் கடையிலிருந்து ஒன்றரைக் கிலோமீட்டர்கூட இருக்காது. பகலவன் கஞ்சி வாங்கப் போயிருந்தார். அத்தை கண்ணை மூடியிருந்தார், காய்ச்சலில் முகம் சுண்டிப்போயிருந்தது. பக்கத்துக் கட்டிலில் இருந்த ராஜாம்பாள் என்கிற அம்மா, "ஆரு, மகனா?" என்று கேட்டார். மாப்பிள்ளை என்றேன். குரல் கேட்டு அத்தை விழித்தார்.

"மாப்ள. வாணி?"

"வந்துக்கினு இருக்கா அத்த."

"அஞ்சு உட்டேன்."

"ஃபோனுல பின்னு போயிடுச்சு அத்த. அதான்."

"ரெண்டு வந்திச்சே. அதான், நல்லா இருக்கான்னு நெனச்சிக்கினேன்." கொஞ்சம் மூச்சு வாங்கிக்கொண்டு, "நல்லா இருக்காளா?" என்றார்.

"இருக்கா."

வயிற்றில் ஆறு மாதம் என்று சொல்ல வாய்வரை வந்தது. ஆனால் அதைத் தானே சொல்ல வேண்டும் என்று இசைவாணி எவ்வளவு ஆசைப்பட்டாள் என்பது எனக்குத் தெரியும். அவளுடைய உரிமையை நான் பறிக்க விரும்பவில்லை. பழத்தை வைத்துவிட்டு வந்தேன். அத்தையின் கண் வாசல் பக்கமே இருந்தது. வீட்டில் இசைவாணி "எத்தன?" என்றாள், நான் சொன்னேன்.

மறுநாள் காலை பத்து மணிக்கு இறுதி ஊர்வல வண்டி ஒன்று எங்கள் வாசலைத் தாண்டி மலைப்பக்கம் போனது. பின்னால் ஒரு ஜீப். இசைவாணி மாடியில் துணி காயப் போட்டுக்கொண்டிருந்தாள். "ஆரோ பாவம், மலைக்குத்தான் போவுது" என்று சொல்லி ஈரக் கையோடு கும்பிட்டாள். பக்கத்தில் நின்று நானும் கும்பிட்டேன். அந்த வகையில் மகளும் மருமகனுமாகச் சேர்ந்தே வழியனுப்பி வைத்தோம். கர்ப்பிணிப் பெண் சாவு வீட்டுக்குப் போகக்கூடாது என்று பெரியவர்களே சொல்கிறார்கள், இதைவிட அதிகமாக என்ன செய்திருக்க முடியும் என்று எனக்குத் தெரியவில்லை.

அன்று ஐந்தரைக்குக் கடை ஃபோன் அடிக்கவில்லை. ஆறு மணிக்கு வீட்டுக்குப் போனேன். "எத்தன வந்திச்சி?" என்றாள். நான் "ரெண்டு" என்றேன்.

அதற்கடுத்த நாளும் இரண்டு. அப்படிப் பன்னிரண்டு நாள். இடையில் தீபாவளி வந்து போனது. புது ஃபோன் வாங்கவில்லை, அதை அவளும் நினைவுபடுத்தவில்லை. வளைகாப்புக்கு ஒரு தேதி பார்த்து, "அம்மாவுக்கு அன்னிக்கித் தோதுப்படுமான்னு கேளுங்க" என்றாள். கேட்டுவிட்டு, தோதுப்படும் என்றேன். ஒருநாள் மாறுதலுக்கு மூன்று என்று சொல்லலாமா என்றுகூடத் தோன்றியது. மூன்றுக்கு அர்த்தம் இல்லாததால் விட்டுவிட்டேன். அந்தப் பன்னிரண்டு நாளும் அவள் நன்றாகச் சாப்பிட்டாள், நன்றாகத் தூங்கினாள். அம்மா செத்த பெண் அப்படித் தூங்கி நீங்கள் பார்த்திருக்கிறீர்களா?

பன்னிரண்டாம் நாள் பகலவன் காரியத்துக்குச் சாமான் வாங்க மலையை விட்டு இறங்கியிருக்கிறார். ஆஸ்பத்திரியில் அந்த ராஜாம்பாள், "மாப்ளன்னு ஒருத்தரு ஆரஞ்சுப் பயம் வெச்சிட்டுப் போனாரே" என்று சொன்னது அவர் மனதை அரித்துக்கொண்டே இருந்திருக்கிறது. பஸ் ஸ்டாண்டைச் சுற்றிக் கேபிள் கடை கேபிள் கடையாக விசாரித்திருக்கிறார். நான் கொள்முதலுக்குப் போயிருந்த நேரம். வீரமுத்து அண்ணன் நல்ல மனிதர், டீயும் கொடுத்து வீட்டுக்கு வழியும் சொல்லி அனுப்பியிருக்கிறார்.

எனக்கு இது எதுவும் தெரியாது. வழக்கம்போல ஆறு மணிக்கு வீட்டுக்கு வந்தேன். இசைவாணி கேட்டுக்கு வெளியே நின்றுகொண்டிருந்தாள். வேப்பமரத்தடியில் ஒரு ஜீப் நின்றது, நான் கவனிக்கவில்லை. வயிற்றில் ஒரு கையை வைத்துக்கொண்டு, எப்போதும் கேட்கிற அதே குரலில் கேட்டாள்.

"எத்தன வந்திச்சி?"

"ரெண்டு" என்றேன்.

அவள் என்னைப் பார்த்துக்கொண்டே நின்றாள். "இன்னொருவாட்டி சொல்லுங்க" என்றாள். இன்னொரு தடவையும் சொன்னேன். பிறகு அவள் திரும்பிப் போய் அந்த ஜீப்பில் ஏறிக்கொண்டாள். அன்றைக்கு டீ போட்டிருக்கவில்லை.

இவ்வளவுதான் நடந்தது. ஐந்தை இரண்டு என்று சொன்னது நான். ஒன்றும் வராததை இரண்டு என்று சொன்னதும் நான். ராங் நம்பர் என்றது நான். அத்தைக்குப் பேரப்பிள்ளை வரப்போகிறது என்று தெரியாமலே போனது என்னால். மகள் வருவாள் என்று வாசலைப் பார்த்துக்கொண்டே அவர் போனதும் என்னால். எல்லாவற்றுக்கும் கையெழுத்துப் போடுகிறேன். கடை ஃபோனில் சார்ஜ் நூறு இருக்கிறது, வந்த கால் எல்லாம் தேதியோடு அதில் இருக்கும், நீங்களே எண்ணிக்கொள்ளலாம்.

ஒரு சின்ன வேண்டுகோள். இசைவாணியின் பழைய ஃபோனைச் சாட்சியென்று கவரில் போட்டு வைத்திருக்கிறீர்கள். மூன்று மாதத்துக்கும் மேலாகச் சார்ஜ் இல்லாமல் கிடக்கிறது, இன்னும் கொஞ்ச நாள் விட்டால் பேட்டரி எதற்கும் ஆகாது. அதில் ஒரு கோளாறும் இல்லை, போர்டு போகவில்லை, பின்னும் நன்றாக இருக்கிறது. அதற்குக் கேபிள் தேடி நீங்கள் அலைய வேண்டாம். உங்கள் மேசையில் கிடக்கும் மூன்றில் அந்தக் கறுப்பு வி8 ஸ்டேஷனுடையது அல்ல. காலையில் ஏட்டம்மா என் சட்டைப் பையைச் சோதித்தபோது எடுத்து வைத்தது. நான்கு வருடம் முன்பு இசைவாணிக்கு நான் விற்ற கேபிள். மற்றதையெல்லாம் நறுக்கிப் போட்டேன், இதை நறுக்க மனம் வரவில்லை. எங்களைச் சேர்த்து வைத்தது அல்லவா? ஆடி மாதத்திலிருந்து சட்டை மாற்றும்போதெல்லாம் பைக்குப் பை மாற்றிவந்தேன். சாயங்காலம் அவள் என் எதிரில் நின்று எத்தனை என்று கேட்டபோதெல்லாம் அது என் நெஞ்சுக்கு மேலேதான் இருந்தது. பையில் என்ன என்று ஒரே ஒரு நாள் கேட்டிருந்தால் எடுத்துக் கொடுத்திருப்பேன். அவள்தான் கேட்கவில்லை.